வாயசைக்கச் சொல்லப்பட்ட பிள்ளைகளுக்காக

எங்கட பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கோ தமிழ்த்தினப் போட்டிக்கோ குழுப்பாட்டுக்கு ஆள் சேர்ப்பார்கள். குரல் உள்ள நாலைந்து பிள்ளைகள் முன்வரிசையில். மைக் அவர்களுக்கு. உயரம் பார்த்து, உடுப்புப் பார்த்து இன்னும் கொஞ்சப் பேரைப் பின்வரிசையில் நிறுத்துவார்கள். ஒத்திகையின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்தப் பின்வரிசையில் யாராவது ஒருவருக்கு மெதுவாகச் சொல்லப்படும்: "நீர் சத்தமாய்ப் பாடாதையும், சும்மா வாயை அசைச்சால் போதும்."

இதைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்த ஆக்கள் எங்களுக்குள் எத்தனை பேர்? கேட்ட பிள்ளை அண்டைக்கு அழாது. சிரித்துக்கொண்டு வாயை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போகும். ஆனால் "எனக்குப் பாட வராது" என்ற வசனம் அண்டைக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். இருபது வயதில் பஸ்ஸில் நண்பர்கள் பாடும்போது அந்தப் பிள்ளை கைதட்டும், பாடாது. முப்பது வயதில் தன் குழந்தைக்கு யூரியூப்பில் தாலாட்டுப் போடும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். எங்கட சங்கீதக் கல்வி பாடகர்களை உருவாக்குவதாகச் சொல்லிக்கொண்டு, பாடாதவர்களைத்தான் பெருமளவில் உருவாக்குகிறது. இதை மாற்றுவதற்கு இருக்கிற மலிவான, நேரடியான வழி சேர்ந்திசை. பத்துப் பேரோ ஐம்பது பேரோ, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, பகுதி பிரித்துச் சேர்ந்து பாடுவது. "அது சேர்ச் ஆக்களின்ர வேலை", "எங்கட இசை தனிக்குரல் இசை", "கமகம் கெட்டுப்போகும்" என்று இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை நிற்காது.

முதலில் ஏணியைப் பார்ப்போம்

சங்கீதம் படிக்கப் போகிற பிள்ளைக்கு எங்கட ஊரில் ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறோம். சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. பக்கத்திலேயே வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைத் தரங்கள். சாதாரண தரத்தில் ஒரு பாடம். பிறகு உயர்தரம், அதற்குப் பிறகு சிலருக்கு இராமநாதன் நுண்கலைப் பீடமோ சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகமோ. ஏணியில் பிழை சொல்ல இல்லை. நூறாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த பாடத்திட்டம் அது. பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் பிள்ளை தனியாகத்தான் நிற்கிறது. தனியாகப் பாடி, தனியாகப் புள்ளி எடுத்து, தனியாகத் தோற்கிறது. வகுப்பில் இருபது பேர் சேர்ந்து பாடினாலும் அது சேர்ந்திசை ஆகாது. எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கட தங்கட பாடத்தை மனப்பாடம் செய்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் குரலைக் கேள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

அந்த ஏணியின் மேலே இப்போது ரீவி வந்து உட்கார்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியொன்றின் சிறுவர் பாட்டுப்போட்டியில் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றதை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய வெற்றிதான் அது. அந்தப் பிள்ளையின் உழைப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சிகளின் அச்சு எப்படிப்பட்டது? வாராவாரம் ஒரு பிள்ளையை வெளியேற்ற வேண்டும். வெளியேறும் பிள்ளை அழுவதை அருகில் போய்ப் படம்பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்காக மெட்டமைத்த பாட்டை, பெரியவர்களின் ஏற்ற இறக்கத்தோடு, பெரியவர்களின் சோகத்தோடு, பத்து வயதுத் தொண்டை பாடிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த அடுத்த மாதமே ஊரில் புதிய சங்கீத வகுப்புகள் திறக்கின்றன. பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி: "பிள்ளையை எப்ப மேடையில ஏத்தலாம்?" ஒரு பிள்ளை மேடையேறியதைக் கண்டு ஆயிரம் பிள்ளைகள் பாட வந்தால் நல்லதுதானே என்று சொல்வார்கள். வருகிறார்கள், உண்மை. அவர்களில் பெரும்பாலானோர் இரண்டு வருடத்தில் "எனக்கு அந்தளவு குரல் இல்லை" என்று திரும்பிப் போகிறார்கள் என்பதும் எங்கட கண்ணுக்கு முன்னால் நடக்கிற உண்மை.

காற்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும். கரப்பந்துக்கு ஆறு பேர் வேண்டும். அதனால்தான் சுமாராக விளையாடுகிற பெடியனும் மைதானத்துக்குப் போகிறான். அவனையும் கூப்பிடுகிறார்கள், கழகத்துக்கு அவன் தேவை. சங்கீதத்தில் மட்டும் சுமாரான பிள்ளைக்கு இடமே இல்லாமல் செய்து வைத்திருக்கிறோம்.

"எங்கட இசை தனிக்குரல் இசை" என்கிறவர்களுக்கு

இந்திய இசையில் சேர்ந்து பாடும் மரபு இல்லை என்பது அரைகுறை உண்மை. கச்சேரி மேடை தனியாளுக்கானது என்பது சரி. ஆனால் கச்சேரி மேடை என்பது இந்த இசையின் ஒரு மூலை. சபாக்கள் வருவதற்கு முன்பே பஜனை கோஷ்டி இருந்தது. கோயிலில் திருப்பாவை கோஷ்டி இருந்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் வாங்கிப் பாடும் நாமசங்கீர்த்தனம் இருந்தது. வயலிலும் உரலடியிலும் இருந்த பாட்டுகளை எண்ணித் தீராது. பாரதியார் குயில் பாட்டில், ஏற்றம் இறைக்கிறவர்களின் பாட்டையும் நெல்லும் சுண்ணமும் இடிக்கிற பெண்களின் பாட்டையும் கும்மிப் பாட்டையும் மனதைப் பறிகொடுத்தவற்றின் பட்டியலில் வைக்கிறார். அவையெல்லாம் கூட்டமாகப் பாடுகிற பாட்டுகள்.

எங்கட நாட்டுக்கு வாருங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில், விடியப்புறம் சங்கு ஊதிச் சேமக்கலம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போகிற கூட்டத்தில் யார் குரல் தேர்வு வைத்தது? மட்டக்களப்புக் கூத்துக் களரியில் அண்ணாவியாரோடு பிற்பாட்டுப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் தரப் பரீட்சை எழுதியவர்கள்? அம்மன் குளிர்த்திப் பாட்டு, மலையகத்தின் காமன் கூத்துப் பாட்டு, கிழக்கு முஸ்லிம் ஊர்களின் களிகம்புப் பாட்டு, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலத்தில் பாடுகிற பசாம். எல்லாமே பல குரல்கள் சேர்ந்தவை. வேதநாயகம் சாஸ்திரியார் போன்றோர் கர்நாடக இராகங்களில் செய்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முழுக்கப் பாடுகிறது. ஆனந்தபைரவி என்ற பெயரே தெரியாத அம்மா ஆனந்தபைரவியைப் பிழையில்லாமல் பாடுகிறார். எப்படி? சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்றவர்களோடு சேர்ந்து பாடியதால்.

கச்சேரி உலகத்துக்குள்ளேயே திருவையாறு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புஷ்ய பகுள பஞ்சமியில், காவிரிக் கரையில், தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக இருந்து பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. இது தியாகராஜர் காலத்து வழக்கம் இல்லை. வித்துவான்கள் கட்சி பிரிந்து தனித்தனியாக ஆராதனை செய்த காலம் இருந்தது. பெண்கள் அங்கே பாட இடமில்லாத காலம் இருந்தது. சமாதியை எடுத்துக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பாடிப் போராட வேண்டி வந்தது. 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றான பிறகுதான் எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடும் வழக்கம் நிலைபெற்றது. சேர்ந்து பாடுவது மரபில்லை என்று சொல்லும் வித்துவான்களே வருடத்துக்கொருமுறை அங்கே போய்ச் சேர்ந்துதான் பாடுகிறார்கள்.

எம்.பி.எஸ். என்ற ஒரு மனிதர்

இனி, பகுதி பிரித்துப் பாடும் சேர்ந்திசைக்கு வருவோம். அதுவும் இந்தியாவில் நேற்று வந்தது இல்லை. 1943இல் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானபோது, வங்கப் பஞ்சத்தின் நடுவில், கலைஞர்கள் குழுக்களாக ஊரூராகப் போய்ப் பாடி நிவாரணம் சேர்த்தார்கள். அந்த இயக்கத்தில் வளர்ந்தவர் சலில் சௌத்ரி. வங்காள நாட்டார் மெட்டும் மேற்கத்தைய ஒத்திசைவும் அவருடைய கையில் ஒன்றாக இருந்தன. பம்பாயில் அவர் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை நடத்தினார். 1958இல் ரூமா குஹா தாகுர்தா கல்கத்தா இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். டில்லியின் காந்தர்வ மகாவித்தியாலயம் இந்துஸ்தானி இராகங்களை வைத்தே சேர்ந்திசைக் குழு நடத்துகிறது.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர் எம்.பி. சீனிவாசன். 1925இல் பிறந்து 1988இல் இறந்தவர். அவருடைய பெயரைக் கேட்டால் மலையாளத்தவர் அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களைச் சொல்வார்கள். தமிழில் நிமாய் கோஷ் இயக்கி 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அவர். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவர்தான். இடதுசாரி. எங்களுக்கு அவர் முக்கியமாவது 1970களில் அவர் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவால். மாணவர்கள், அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள் என்று வெவ்வேறு பக்கத்து ஆக்கள் மாலையில் கூடிப் பழகினார்கள். பாரதியார் பாடல்களைப் பல குரல்களுக்குப் பகுதி பிரித்து அவர் அமைத்தார். பல இந்திய மொழிகளில் அந்தக் குழு பாடியது. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவருடைய அமைப்புகள் பாடப்படுகின்றன.

பாரதியாரின் சொற்களை மேடையில் தனியாள் பாடும்போது அது ஒரு வித்துவானின் துக்கடாவாகிவிடும். 'நாம்' என்று தொடங்கும் பாட்டை ஒருவர் பாடினால் யார் அந்த நாம்? நாற்பது பேர் நான்கு பகுதியாகப் பிரிந்து, ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதி ஏந்தி, கடைசி அடியில் எல்லோரும் ஒன்றாகும்போதுதான் அந்தச் சொல்லுக்கு ஆள் கிடைக்கிறது. எம்.பி.எஸ். இதை விளங்கிக்கொண்டவர். எங்கட சங்கீதப் பாடத்திட்டத்தில் அவருக்கு இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

கமகமும் ஒத்திசைவும்

இசை தெரிந்தவர்கள் எழுப்புகிற கேள்வி ஒன்றுக்கு மதிப்பு இருக்கிறது. கமகம் ஆளுக்காள் வேறுபடும். தோடியின் காந்தாரத்தை முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் அது கஞ்சிதான். திருவையாற்றிலேயே அந்தக் கஞ்சியைக் கேட்கலாம். ஆகவே தோடியில் தொடங்காதீர்கள். சுரங்கள் நேராக நிற்கிற இராகங்கள் ஏராளம் உண்டு: மோகனம், ஹம்சத்வனி, சங்கராபரணத்தின் எளிய உருப்படிகள். சங்கதிகளை முன்கூட்டியே எண்ணி நிலைப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்து அதே முப்பது பேரும் ஒரே அளவில் ஒரு கமகத்தை அசைக்கப் பழகியிருப்பார்கள். அப்படிப் பழகிய பிள்ளைக்குக் கமகம் என்றால் என்னவென்று தனியாகப் படித்த பிள்ளையைவிட நன்றாக விளங்கும், ஏனென்றால் பக்கத்திலிருப்பவரோடு சேர வேண்டுமானால் அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

"ஒத்திசைவு வெள்ளைக்காரனின்ர சரக்கு" என்பது அடுத்தது. அப்படியானால் வயலினை என்ன செய்வது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய ஆசிரியரிடம் படித்துக் கொண்டுவந்த வாத்தியம் அது. இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி ஊரில் உண்டா? முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேயரின் பாண்ட் இசையில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று நாங்கள் சின்ன வகுப்பில் படிப்பவை அவைதான். சின்னப் பிள்ளைகளின் சேர்ந்திசைக்கு அவற்றைவிட வசதியான உருப்படிகள் கிடைப்பது கடினம். மும்மூர்த்திகளில் ஒருவருக்கு இல்லாத தீட்டு எங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இந்த நாட்டின் எந்தச் சங்கீத வகுப்பிலும் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனை சொல்கிறோம். முதலாம் சரளிவரிசை எல்லோருக்கும் தெரியும். மாயாமாளவகௌளை, ஆதி தாளம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதற் குழு ஸ ரி க ம என்று தொடங்கட்டும். அது காந்தாரத்துக்கு வரும்போது இரண்டாம் குழு ஷட்ஜத்தில் தொடங்கட்டும். இப்போது காந்தாரமும் ஷட்ஜமும் ஒன்றாக ஒலிக்கும். பிறகு மத்திமமும் ரிஷபமும், பஞ்சமமும் காந்தாரமும், தைவதமும் மத்திமமும். ஏறிப்போகிற வழியெல்லாம் ஒவ்வொரு சோடியும் காதுக்கு இனிமையாகவே விழும். மேல் ஷட்ஜத்தில் திரும்புகிற இடத்தில் ஒரு கணம் இரண்டு குழுவும் உரசிக்கொள்ளும். பிறகு இறங்கும்போது மறுபடி இணையும். ஒரு சுரம்கூட மாற்றவில்லை, இராகத்துக்கு வெளியே போகவில்லை. பாடப்புத்தகத்தின் முதற் பக்கத்திலேயே ஒத்திசைவு ஒளிந்திருக்கிறது. அடுத்த நாள் ஒரு குழு முதலாம் காலத்திலும் மற்றக் குழு இரண்டாம் காலத்திலும் ஒரே வரிசையைப் பாடட்டும். லயம் என்றால் என்னவென்று அரைமணித்தியால விளக்கத்தைவிட அது நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

உடைந்த குரல்களை என்ன செய்கிறோம்?

ஒன்பதாம் வகுப்பிலிருந்து சங்கீத வகுப்பில் பெடியளைக் காணவில்லை. "பெடியளுக்கு இதில விருப்பமில்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விருப்பம் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் தொண்டையில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்துக்கும் இடையில் பையன்களின் குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீள்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்குகிற மாதங்களில் அது எந்தப் பக்கம் பாயும் என்று அவனுக்கே தெரியாது. பெண்பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் மாறுகிறது, ஆனால் அவ்வளவு தெரியாது.

வகுப்பில் என்ன நடக்கிறது? பெண்களின் குரலுக்குப் பொருந்துகிற சுருதி பொதுவாக ஐந்து கட்டைக்கும் ஆறு கட்டைக்கும் இடையில் இருக்கும். வளர்ந்த ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. ரீச்சர் தனக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பொருந்த ஐந்தரையில் சுருதிப்பெட்டியைப் போடுகிறார். குரல் உடைந்த பெடியன் அந்தச் சுருதியில் மேலே போனால் கத்த வேண்டும், ஒரு ஸ்தாயி கீழே போனால் முணுமுணுக்க வேண்டும். இரண்டுக்கும் வகுப்பு சிரிக்கும். அடுத்த தவணை அவன் சித்திரப் பாடத்துக்கு மாறிவிடுவான். தனியாகப் பாடுகிற முறையில் அவனுக்கு வேறு வழியே இல்லை. சேர்ந்திசையில் உண்டு. கைவசம் நாலு சுரம்தான் நிற்கிறதா? அந்த நாலு சுரத்துக்குள் அவனுக்கொரு பகுதி எழுதலாம். மற்றவர்கள் மெட்டைப் பாட, கீழே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தம்புரா செய்கிற வேலைதான் அது. இன்னும் ஒரு வருடத்தில் அவனுடைய குரல் ஓர் இடத்தில் நிலைத்துவிடும், அதுவரைக்கும் அவன் பாட்டை விடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தேவை.

சின்னப் பிள்ளைகளின் குரலுக்கும் இதே காவல் வேண்டும். கத்திக் கத்திப் பாடினால் குரல்நாணில் முடிச்சு விழும், குரல் கரகரக்கும். தனிப்போட்டிக்குத் தயாராகிற பிள்ளை மூன்று மணித்தியாலம் ஒரே உச்சத்தைப் பிடித்துப் பிடித்துப் பழகுகிறது. சேர்ந்திசையில் பிள்ளையின் குரலைப் பக்கத்துக் குரல்கள் தாங்குகின்றன. மூச்சு முடிந்தால் நிறுத்தி, மூச்செடுத்து, மெதுவாகத் திரும்பச் சேரலாம். பாட்டு அறாது.

சேர்ந்து பாடுவது தானாகவே நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை

கேட்கிறவர்கள் கேட்பார்கள்: காலைக் கூட்டத்தில் தினமும் எல்லாரும் சேர்ந்துதானே பாடுகினம்? தேவாரம், பாடசாலைக் கீதம், தேசிய கீதம். அதுவும் சேர்ந்திசையா?

இல்லை. வெயிலில் வரிசையில் நின்று, மாணவத் தலைவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு முணுமுணுப்பதற்குப் பெயர் வேறு. சேர்ந்து பாடவைப்பது ஆளை அடக்குவதற்கும் உதவும் என்பது இந்த நாட்டில் பிறந்த எங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கீதத்தை எந்த மொழியில் பாடலாம் என்பதே இங்கே அதிகாரத்தின் கேள்வி. 2016இன் சுதந்திர தின நிகழ்வில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது, 2020இல் அந்த நிகழ்விலிருந்து தமிழ் காணாமற் போனது. கூட்டக் குரலை மேடைகளும் இயக்கங்களும் எப்படியெல்லாம் பாவித்தன என்பதையும் எங்கட பெற்றோருக்குத் தெரியும்.

அதனால்தான் எப்படிச் சேர்ந்து பாடுகிறோம் என்பது முக்கியமாகிறது. எல்லோரும் ஒரே வரியை ஒரே மாதிரி உரத்துச் சொல்வது அணிவகுப்பு. சேர்ந்திசையில் உன்னுடைய வரி வேறு, என்னுடைய வரி வேறு. உன்னுடையதைக் கேட்காமல் என்னுடையதைப் பாட ஏலாது. நான் உரத்தால் நீ மறைந்துபோவாய், பாட்டுக் கெட்டுப்போகும். ஆகவே நான் குறைக்கப் பழக வேண்டும். கூட்டம் போட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கிற ஒரு சமூகத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை இதைப் பழகுவது சின்ன விசயம் இல்லை.

மனோதர்மம் செத்துப்போகும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. சேர்ந்திசை வந்தால் தனிப்பாடகர் இல்லாமல் போகமாட்டார். ஆலத்தூர் சகோதரர்களும் ராதா - ஜெயலட்சுமியும் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுத்தான் பெரிய பாடகர்களானார்கள். குருவின் பின்னால் இருந்து பின்பாட்டுப் பாடிய சீடன்தான் நாளைக்கு முன்னால் இருந்து பாடினான். ஆலாபனை செய்யப்போகிற பிள்ளைக்கு முதலில் காது வேண்டும். காதுக்குச் சேர்ந்திசையைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்களுக்குத் தெரியவில்லை. ஐம்பது பேர் பாடுகிற ஊரில்தான் ஆலாபனையை உட்கார்ந்து கேட்கிற ஆக்களும் இருப்பார்கள். இப்போது கச்சேரிகளில் முன்வரிசைக் கதிரைகளில் யார் இருக்கிறார்கள், பின்னால் எத்தனை கதிரை வெறுமையாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் தெரிவு இல்லாத ஒரு சேர்ந்திசைக் குழு வேண்டும். வருகிற பிள்ளை எல்லாம் சேரலாம், யாரையும் வாயசைக்கச் சொல்லக் கூடாது. சுருதி சேராத பிள்ளைக்குச் சுருதி சேர்க்கப் பழக்குவதுதான் ஆசிரியரின் தொழில். கணக்கு வராத பிள்ளையைப் பார்த்து "நீர் கணக்குச் செய்யிற மாதிரி நடிச்சால் போதும்" என்று எந்தக் கணித ஆசிரியரும் சொல்வதில்லை.

போட்டி நடத்துகிறவர்கள் குழுப்பாட்டுக்குப் புள்ளி போடும்போது குரல்கள் ஒன்றையொன்று எவ்வளவு கேட்கின்றன என்பதற்குப் புள்ளி போடுங்கள். இரண்டு பகுதியாகப் பாடினால் கூடுதல் புள்ளி கொடுங்கள். போட்டிக்கு எது புள்ளியோ அதையே பள்ளிக்கூடம் பழக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

சங்கீத ஆசிரியர்களை உருவாக்குகிற நிறுவனங்கள் குரல் மாற்றத்தைப் பற்றியும் பிள்ளைகளின் குரல் எல்லையைப் பற்றியும் குழுவை நடத்துவது பற்றியும் படிப்பிக்க வேண்டும். மேற்கத்தைய இசை ஆசிரியரும் கர்நாடக இசை ஆசிரியரும் ஒரே பள்ளிக்கூடத்தில் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் கதைக்காமல் இருக்கிறார்கள். அந்தக் கதவைத் திறப்பதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை.

பாட்டுகள் வேண்டும், அதுவும் எங்கட பாட்டுகள். மஹாகவியும் நீலாவணனும் முருகையனும் ஓசை தெரிந்து எழுதிய கவிஞர்கள். அவர்களைச் சேர்ந்திசைக்கு அமைத்துப் பார்க்க எத்தனை இளம் இசையமைப்பாளர்கள் முன்வந்திருக்கிறார்கள்? குறும்படத்துக்கும் அல்பத்துக்கும் இசையமைக்கிற நண்பர்களே, இது உங்களுக்குத்தான். ஒரு மலையக நாட்டார் பாட்டை மூன்று குரலுக்குப் பிரித்து எழுதிப் பாருங்கள். எட்டுப் பேர் பாடக்கூடிய மாதிரி எளிமையாக எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் செய்யும் என்று காத்திருக்கத் தேவையுமில்லை. எங்கட ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத இடம் குறைவு. அதோடு ஒரு விளையாட்டுக் கழகமும் இருக்கும். கரப்பந்தாட்டத்துக்கு வலையும் பந்தும் வாங்கக் காசு சேர்க்கிறோம். சேர்ந்திசைக்கு வலையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். சுருதிப்பெட்டி போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் அறை, கிழமைக்கு ஒரு மணித்தியாலம், கொஞ்சம் வெட்கத்தை விட்ட எட்டுப் பேர் போதும். வளர்ந்த ஆக்களும் வரலாம், பள்ளிக்கூடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் கட்டாயம் வர வேண்டும். முதல் மாதம் கேட்க நல்லாய் இராது. யாரும் ஒளிப்பதிவு செய்து வட்ஸ்அப்பில் போடாதீர்கள். சரளிவரிசையை இரண்டாகப் பிரித்துத் தொடங்குங்கள், மூன்றாம் மாதம் ஒரு பாட்டுக்கு வாருங்கள்.

சங்கீத ரீச்சர்மாருக்கு எங்களிடம் ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஒத்திகையில் பின்வரிசையில் சுருதி விலகிப் பாடுகிற பிள்ளையைக் கண்டால், நன்றாகப் பாடுகிற ஒரு பிள்ளையை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இரண்டு கிழமை பொறுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள்.